புத்தகம் மாற்றியவர்களுக்கு வாழ்த்து

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் கணக்குப் பாடத்தை எழுபது ஆண்டுகளாக மாற்றி மாற்றி அமைத்துவரும் கணித அறிஞர்களையும் கல்வி ஆய்வாளர்களையும் குழுத் தலைவர்களையும் வாழ்த்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சின்னப் பிள்ளைகளின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இவ்வளவு மூளையையும் பணத்தையும் காகிதத்தையும் கொடுத்தவர்கள் அரிது. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு ஔவை பாராட்டிச் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவனுடைய படைக்கலங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு அழகாகத்தான் இருந்தன. நானும் இல்லாத பெருமை எதையும் இங்கே இட்டுக்கட்டப் போவதில்லை. நான் சொல்லும் பெருமைகள் எல்லாம் நடந்தவை, அச்சில் இருப்பவை. அவை மெய்யாக இருப்பதுதான் என் துயரம்.

முதலில் அவர்களுடைய வேகத்தைப் போற்றுகிறேன். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. அடுத்த ஆண்டே, தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், யேல் பல்கலைக்கழகத்தில் ‘பள்ளிக் கணித ஆய்வுக் குழு’ பிறந்துவிட்டது. தலைமை ஏற்றவர் எட்வர்டு பெகிள். இடத்தியல் என்னும் உயர்கணிதத் துறையில் தேர்ந்தவர். கோடை விடுமுறைகளில் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பாடநூல் எழுதினார்கள். முதலில் உயர்நிலை வகுப்புகளுக்கு எழுதினார்கள். அந்தச் சூடு ஆறும் முன்பே நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும், பிறகு ஒன்றாம் வகுப்பு வரைக்கும் இறங்கி வந்தார்கள். தனியார் பதிப்பகங்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் புத்தகங்களைத் திருத்திக்கொண்டன. பத்து ஆண்டுகள் முடிவதற்குள் ‘புதிய கணிதம்’ நாடெங்கும் பரவிவிட்டது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் கணக்கைத் தொடங்கும் வழியையே இத்தனை விரைவாக மாற்றியது சாதாரணச் செயல் அன்று. அந்த வேகத்துக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகளால் ஓட முடியவில்லை. அவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். ஒரே வகுப்புக்கு வாசிப்பு, எழுத்து, வரலாறு, அறிவியல், கணக்கு எல்லாவற்றையும் சொல்லித் தருபவர்கள். அரசு நடத்திய கோடைப் பயிலரங்குகளில் பெரும்பாலானவை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கே கிடைத்தன. பத்து லட்சம் பேருக்குப் பாடம் சொல்வதைவிட ஒரு புத்தகத்தை அச்சிடுவது எளிது. எளிதானதை அவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

அடுத்து அவர்களுடைய துல்லியம். மூன்று என்னும் எண் வேறு, பலகையில் நாம் எழுதும் 3 என்னும் எண்ணுரு வேறு. இதைவிடச் சரியான ஒரு கூற்று கணிதத்தில் இருக்க முடியாது. அதை ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். ஐந்தையும் மூன்றையும் எந்த வரிசையில் கூட்டினாலும் எட்டு வரும் என்பதற்குப் பரிமாற்றுப் பண்பு என்ற பெயரை அந்தப் பிள்ளை அறிய வேண்டும் என்று விரும்பினார்கள். பத்தை அடிமானமாகக் கொண்டு எண்ணுவது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுதான் என்று விளங்க, எட்டை அடிமானமாக வைத்தும் கழிக்கச் சொன்னார்கள். கணங்களும் வந்தன. அந்த அலை கடல் தாண்டியும் அடித்தது. தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் வரும் ‘கண மொழி’ அந்த வழியில் வந்ததுதான். நான் இந்தக் கருத்துகளைக் குறை சொல்லவில்லை. இட மதிப்பின் பொருளை உணராமல் கடன் வாங்கிக் கழிப்பதை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு எட்டின் அடிமானம் உண்மையிலேயே கண்ணைத் திறக்கலாம். அதைத் திறந்து காட்ட, அந்த அடிமானத்தில் புழங்கிப் பழகிய ஓர் ஆசிரியை வேண்டும். வகுப்பில் நின்றவரோ, தாமே முந்தின நாள் இரவில்தான் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் உரிமையை ஒரு தலைமுறைப் பெற்றோர் அந்த ஆண்டுகளில் இழந்தார்கள்.

இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான மேக்ஸ் பெபர்மன் இலினாய் பல்கலைக்கழகத்தில் 1951 முதலே புதிய பாடத்திட்டத்தில் உழைத்தவர். தொடக்கப் பள்ளிகளில் மாற்றத்தை இந்த வேகத்தில் திணித்தால் கணக்குப் போடத் தெரியாத ஒரு தலைமுறை உருவாகிவிடும் என்று 1964-இல் வெளிப்படையாகவே எச்சரித்தார். தம் கையால் வளர்த்ததைப் பற்றி இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் அச்சகங்களை நிறுத்தாமல் வைத்திருந்தவர்களின் உறுதியையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் பாடநூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மனைச் சேர்த்தது. அவர் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்தார். அது எல்லோரும் செய்யும் காரியமாக இல்லை என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வரிசையின் மூன்று புத்தகங்களில் ஒன்று அச்சாகி முடியவில்லை. கெடு தவறக் கூடாதென்று பதிப்பகம் அட்டைக்குள் வெற்றுத் தாள்களை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தது. அந்தப் புத்தகத்துக்கும் மதிப்பெண் போடப்பட்டிருந்தது. மற்ற இரண்டைவிடச் சற்று அதிகமாகவே போட்டிருந்தார்கள் என்று தம் நினைவுக் குறிப்புகளில் ஃபைன்மன் எழுதுகிறார். இன்னொரு புத்தகம் நட்சத்திரங்களின் வெப்பநிலைகளைக் கூட்டி மொத்தம் கேட்டது. கூட்டல் பயிற்சிக்கு வானியலைத் துணைக்கு அழைத்த அந்த ஆர்வம் மெச்சத்தக்கது. ஆனால் இரண்டு நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கூட்டி எவரும் எதையும் அறிய முடியாது. கணக்கு உலகத்தோடு ஒட்டியது என்று காட்ட வந்த வினா, உலகத்தோடு ஒட்டாததைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது.

இனி ஆய்வைப் பேச வேண்டும். இங்கேதான் என் மதிப்பு மிகப் பெரியது. புதிய புத்தகங்கள் பயன் தந்தனவா என்று அறிய பெகிளின் குழு 1962-இல் தொடங்கி ஐந்து ஆண்டுகள், 40 மாநிலங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்கு முன் கணக்குப் பாடத்தை எவரும் இவ்வளவு பெரிய அளவில் ஆராய்ந்ததில்லை. அறிக்கை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. கண்டது என்னவென்றால், எந்தப் புத்தகம் எதை வலியுறுத்தியதோ அதில் அந்தப் புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் தேறினார்கள். கருத்தை வலியுறுத்திய புத்தகத்தின் பிள்ளைகள் கருத்தில் மேலாக நின்றார்கள்; கணக்கிடுவதில் பழைய புத்தகத்தின் பிள்ளைகள் மேலாக நின்றார்கள். எந்த ஆசிரியையும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய இதை ஒரு லட்சம் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டு ஐயம் திரிபற நிறுவினார்கள். புத்தகங்கள் நாடெங்கும் போய்ச் சேர்ந்த பிறகு நிறுவினார்கள்.

பெகிள் நேர்மையான ஆய்வாளர். தமக்குப் பிடிக்காத முடிவையும் அவர் மறைக்கவில்லை. ஆசிரியரின் கணித அறிவுக்கும் மாணவரின் தேர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று அவர் திரட்டிப் பார்த்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1979-இல், வெளியான நூலில் அதன் விடை இருக்கிறது. கல்லூரியில் ஆசிரியர் கூடுதலாக உயர்கணிதப் பாடங்கள் படித்திருந்ததால் மாணவருக்கு நன்மை தெரிந்தது 10 விழுக்காட்டு நிகழ்வுகளில்தான். 8 விழுக்காட்டில் தீமையே தெரிந்தது. இந்த எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், ஆசிரியருக்குக் கணக்கு எவ்வளவு தெரியும் என்பது பெரிய விஷயமில்லை என்பது. எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்தார் என்பதை எண்ணினார்கள். எண்ணுவதற்கு அது வசதியாக இருந்தது. அரையால் வகுப்பது என்றால் என்ன என்று ஓர் ஆசிரியையிடம் உட்கார்ந்து கேட்பது அவ்வளவு வசதியாக இல்லை. அந்தக் கேள்விக்காக இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் இடம் இது. விடை தவறாக வந்திருந்தால் எவராவது திருத்தியிருப்பார்கள். சரியாகச் செய்த கணக்கு, கேட்க வேண்டிய கேள்வியைப் பல ஆண்டுகள் மூடிவைத்தது.

1960-களில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கற்றல் ஆய்வு மையத்தில் உருவான ஒரு திட்டம் 1970-களில் நன்கு பரவியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வேகத்தில் பாடம். கணக்கு முழுவதையும் சின்னச் சின்ன இலக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தாளும் தேர்வும் வைத்தார்கள். 80 விழுக்காடு எடுத்தால் அடுத்த தாள். ஆசிரியைக்குத் திருத்தும் வேலையை எளிதாக்க விடைக்குறிப்பும் இருந்தது. பிந்தியவன் பயப்பட வேண்டாம், முந்தியவன் காத்திருக்க வேண்டாம். எந்த வகுப்பறையிலும் பிள்ளைகள் ஒரே வேகத்தில் கற்பதில்லை என்று அறிந்தவர்கள் செய்த அன்பான ஏற்பாடு இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தத் திட்டத்தில் இரண்டாம் வகுப்பு முதல் படித்துவந்த ஒரு பையனை ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்னும் ஆய்வாளர் சந்தித்துப் பேசினார். 1973-இல் வெளியான அந்தக் கட்டுரை அவனைப் பென்னி என்று அழைக்கிறது. வயது பன்னிரண்டு, ஆறாம் வகுப்பு. வகுப்பில் பெரும்பாலோரை விட முன்னே போய்க்கொண்டிருந்தான். கணக்கில் நல்ல பிள்ளை என்று ஆசிரியை அவனைக் கருதினார். தாள்களும் தேர்வுகளும் அதற்குச் சாட்சி சொன்னன. பத்தில் இரண்டைத் தசமத்தில் எழுதச் சொன்னபோது பென்னி 1.2 என்றான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் பன்னிரண்டு. நடுவில் ஒரு புள்ளி. பத்தில் ஐந்து 1.5 ஆனது. நானூறில் நானூறு 8.00 ஆனது. பதினொன்றில் நான்கும் நான்கில் பதினொன்றும் அவனுக்கு ஒன்றுதான், இரண்டும் 1.5. தசமக் கூட்டலில் 0.3-உம் 0.4-உம் சேர்ந்து 0.07 ஆயின. தடுமாறிச் சொன்ன விடைகள் அல்ல இவை. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு விதி இருந்தது. அதை அவனே கண்டுபிடித்து, தேர்வுகளில் சோதித்து, தேறிய விதிகளை வைத்துக்கொண்டிருந்தான்.

விடைக்குறிப்பில் பாதி என்பது ஒரு வடிவத்தில் இருக்கும். பென்னி வேறு வடிவத்தில் எழுதினால் தவறு என்று வரும். இரண்டும் ஒன்றுதானே என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் திருத்துபவருக்குக் குறிப்புதான் தெரியும். ஆகவே கணக்கு என்பது எங்கோ யாரோ உண்டாக்கிய விதிகளின் குவியல், எந்த விடையை அந்த யாரோ எதிர்பார்க்கிறார் என்று தேடிப் போவதே பாடம் என்று அவன் முடிவுக்கு வந்தான். அவன் இருந்த இடத்தில் அது பொருத்தமான முடிவு. நான்கு ஆண்டுகளில் அவனருகில் உட்கார்ந்து, ‘இதை எப்படிச் செய்தாய், கண்ணா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெளிப்பட்டிருக்கும். ஆசிரியையின் அந்த ஐந்து நிமிடத்தைத் திட்டம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது. மிச்சமான நேரத்தில் அவர் தாள்களைத் திருத்தினார். பிள்ளை ஒவ்வொருவனையும் தனியாகக் கவனிக்கப் பிறந்த ஏற்பாடு, ஒரு பிள்ளையைப் பல ஆண்டுகள் முழுமையாகத் தனியே விட்டுவைத்தது. அவனுடைய தேர்ச்சிப் பதிவேடு மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

ஏழைப் பிள்ளைகளுக்காக 1968-இல் தொடங்கிய ‘ஃபாலோ த்ரூ’ திட்டத்தை விரிவாகச் சொல்லப் போவதில்லை. மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பல கற்பித்தல் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஆரிகன் பல்கலைக்கழகத்தின் நேரடிக் கற்பித்தல் முறை அடிப்படைத் திறன்களில் முன்னே வந்தது என்று 1977-இல் அறிக்கை கிடைத்தது. அளந்த விதம் சரியா என்று அடுத்த ஆண்டே மறு அறிக்கை கிடைத்தது. முன்னே வந்த முறையும் பின்னே நின்ற முறைகளும் சமமாகத் தொடர்ந்தன. எவர் மனமும் புண்படாத முடிவு அது.

1989-இல் நாட்டின் கணித ஆசிரியர் மன்றம் தர வரையறைகளை வெளியிட்டது. பிள்ளைகள் யோசிக்க வேண்டும், பேச வேண்டும், பொருளறிந்து செய்ய வேண்டும் என்று அந்த நூல் சொல்வதை நான் மனதார ஏற்கிறேன். எதற்குக் கவனத்தைக் கூட்டுவது, எதற்குக் குறைப்பது என்று இரண்டு பட்டியல்களும் அதில் உண்டு. நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கவனம் குறைய வேண்டியவற்றில் நீள்வகுத்தலும் தாளில் செய்யும் பின்னக் கணக்குகளும் இருந்தன. இதைவிடத் தெளிவாக ஒரு குழு தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. அடுத்த பத்தாண்டில், வழக்கமான கூட்டல் கழித்தல் முறைகளைச் சொல்லிக்கொடுக்காத தொடக்கப் பள்ளிப் புத்தகங்களும் வந்தன. 2000-இல் வரையறைகளைப் புதுப்பித்தார்கள். அவற்றுக்கு ஆதாரமான ஆய்வுகளைத் தொகுத்த துணைநூல் 2003-இல் வந்தது. வரையறைக்கும் ஆதாரத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள்தான். ஆதாரத்தைத் திரட்டியவர்கள் தேர்ந்த அறிஞர்கள், நூலும் நல்ல நூல். அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை நான்காம் வகுப்புக்குப் போய்விட்டது.

இடையில் 1999 அக்டோபரில் மத்தியக் கல்வித் துறை பத்துப் பாடத்திட்டங்களை முன்மாதிரி என்றும் நம்பிக்கைக்குரியவை என்றும் அறிவித்தது. நவம்பர் 18 அன்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் ஒரு திறந்த மடல் வந்தது. அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்ட அதில் 200-க்கும் மேற்பட்ட கணிதவியலாளரும் விஞ்ஞானிகளும் கையெழுத்திட்டிருந்தார்கள். இரு தரப்பாரின் அக்கறையும் எனக்குப் புரிகிறது. செய்தித்தாளில் ஒரு முழுப்பக்கம் வாங்கும் அளவுக்கு மூன்றாம் வகுப்புப் பெருக்கலில் உணர்ச்சி கொண்ட விஞ்ஞானிகள் எந்த நாட்டுக்கும் பெருமை. அந்த உணர்ச்சியில் ஒரு சிறு பங்கு பக்கத்துத் தெருப் பள்ளி ஆசிரியையோடு ஒரு மாலை உட்கார்ந்து பின்னம் பேசுவதற்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு தேசிய ஆய்வு மன்றம் முறையாகத் தேடியது. 19 பாடத்திட்டங்களைப் பற்றி நடந்த மதிப்பீடுகளை அது சலித்துப் பார்த்து 2004-இல் அறிக்கை தந்தது. எந்த ஒரு திட்டத்தையும் பயனுள்ளது என்றோ பயனற்றது என்றோ உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்பது முடிவு. குடியரசுத் தலைவர் அமைத்த தேசியக் கணித ஆலோசனைக் குழு 16,000-க்கும் மேற்பட்ட ஆய்வு வெளியீடுகளையும் கொள்கை அறிக்கைகளையும் பார்த்தது. முழுவதும் ஆசிரியரே நடத்துவதும் வேண்டாம், முழுவதும் பிள்ளைகளிடமே விடுவதும் வேண்டாம் என்று 2008-இல் சொன்னது. 2009-இல் முதல் அறிக்கை வந்த ஓர் ஆய்வு, நான்கு தொடக்க வகுப்புப் பாடத்திட்டங்களைக் குலுக்கல் முறையில் பள்ளிகளுக்கு ஒதுக்கி ஒப்பிட்டது. ஒன்றாம் வகுப்பில் இரண்டு முன்னே வந்தன. நல்ல ஆய்வு. ஸ்புட்னிக் பறந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு வந்தது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1990-க்கும் 2013-க்கும் இடையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் தேசிய மதிப்பீட்டுப் புள்ளி 213-இலிருந்து 242-ஆக உயர்ந்தது. அது பெரிய உயர்வு. எந்தச் சீர்திருத்தம் அதைக் கொண்டுவந்தது என்பதற்குத்தான் ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு பதில் இருக்கிறது.

அந்தத் திறந்த மடல் வந்த 1999-இலேயே லிபிங் மா என்னும் பெண்மணியின் நூலும் வந்தது. கலாச்சாரப் புரட்சியின்போது ஷாங்காயிலிருந்து ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே பள்ளி ஆசிரியை ஆனவர். பின்பு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். பெகிளின் எண்கள் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் கேட்கப்பட்ட கணக்குகளில் ஒன்று இது: ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன, அதற்கு ஒரு கதை சொல்ல முடியுமா? ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் மூன்றரை பாட்டில் நிரம்பும். இந்த மாதிரிக் கதை. கணக்கைச் செய்யத் தொடங்கிய 21 அமெரிக்க ஆசிரியர்களில் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். கதை என்று வந்தபோது பலர் அரையால் வகுப்பதை இரண்டு பேருக்குப் பங்கு போடுவதோடு குழப்பிக்கொண்டார்கள். பொருள் பிழையாத கதையை ஒருவரே சொன்னார், அதிலும் கற்பிக்கும் விதத்தில் குறை இருந்தது. சீனத்து 72 பேரும் விடையைச் சரியாகச் சொன்னார்கள். 65 பேர் கதையும் சொன்னார்கள்.

சீன ஆசிரியர்கள் ஒன்பது ஆண்டுப் பள்ளியும் அதன்மேல் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சியும் மட்டும் படித்தவர்கள். அமெரிக்க ஆசிரியர்களோ பட்டதாரிகள். இந்தக் கணக்கை அந்த ஆசிரியைகள்மீது பழியாகச் சுமத்துவதை நான் ஏற்க மாட்டேன். அவர்களும் ஒருகாலத்தில் பிள்ளைகள். புதிய கணிதப் புத்தகத்தையோ, அதற்கு எதிராக வந்த புத்தகத்தையோ, இலக்கு இலக்காக வெட்டிய தாளையோ கையில் வைத்துக் கணக்குப் படித்தவர்கள். பின்னத்தின் பொருளை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கல்லூரியில் வேறு பெயருள்ள கணிதம் நடத்தினார்கள், சான்றிதழ் தந்தார்கள், புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினார்கள். சீன ஆசிரியர்கள் பள்ளியிலேயே சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பாடநூலின் ஒரு பக்கத்தை எப்படி நடத்துவது என்று வாரந்தோறும் பேசினார்கள். அவர்களுடைய ஆழம் அந்த மேசையில் வளர்ந்தது என்று மா காட்டுகிறார். பெகிள் எண்ணிய வகுப்புகளின் பட்டியலில் அந்த மேசைக்கு இடமே இல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்பென்டரும் எலிசபெத் ஃபென்னிமாவும் இதற்குப் பத்தாண்டு முன்பே வேறொரு வழி காட்டியிருந்தார்கள். முதல் வகுப்பு ஆசிரியர் 40 பேர். அவர்களில் பாதிப் பேருக்குக் கோடையில் நான்கு வாரப் பயிலரங்கு. புதுப் புத்தகம் தரவில்லை, தாள்கள் தரவில்லை, இப்படித்தான் நடத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு கூட்டல் கதையை எந்தெந்த வழிகளில் யோசிக்கும், விரலில் எண்ணுவதிலிருந்து மனக்கணக்குக்கு எப்படி நகரும் என்று ஆய்வில் கண்டதை ஆசிரியர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு அவர்கள் வகுப்புகளில் பிள்ளைகளை அதிகம் கேட்டார்கள், விடை வந்த வழியை விசாரித்தார்கள். பிள்ளைகள் கதைக் கணக்குகளில் முன்னேறினார்கள். எண் உண்மைகளை நினைவுகூர்வதிலும் பின்தங்கவில்லை. 1989-இல் இதை வெளியிட்டார்கள், தர வரையறைகள் வந்த அதே ஆண்டில். 2005-இல் ஹெதர் ஹில், டெபோரா பால் முதலியோர் 115 பள்ளிகளில் முதல், மூன்றாம் வகுப்புகளைப் பார்த்து, கற்பிப்பதற்குத் தேவையான கணக்கறிவு ஆசிரியருக்கு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குப் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்கிறது என்று காட்டினார்கள். இந்த முறை எண்ணியது படித்த வகுப்புகளை அல்ல; வினாக்கள் வைத்து அறிவையே அளந்தார்கள். இவர்களை வாழ்த்தும்போது என் குரலில் வேறு எதுவும் கலக்கவில்லை.

மற்றவர்கள் ஓயவில்லை. 2010-இல் பொதுப் பாடத்தரம் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விரைவாக ஏற்றன. பதிப்பகங்களும் விரைவாகப் புதிய அட்டைகளோடு வந்தன. வீட்டுப்பாடத்தைப் பார்த்து விழிக்கும் பெற்றோரும் திரும்ப வந்தார்கள். 2013-க்குப் பின் தேசிய மதிப்பீடு உயரவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் இறங்கியது. 2024-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கணக்கில் அடிப்படை நிலையைத் தொடவில்லை. 2023 ஜூலை 12 அன்று கலிபோர்னியாவின் மாநிலக் கல்வி வாரியம் புதிய கணிதச் சட்டகம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. வரைவு பலமுறை திருத்தப்பட்டது. மேற்கோள் காட்டிய ஆய்வுகள் சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஸ்டான்ஃபோர்டின் கணிதப் பேராசிரியர் ஒருவர் வரைவைப் பக்கம் பக்கமாகச் சோதித்து எழுதினார். அதற்கும் இடம் கொடுத்துத் திருத்தினார்கள். ஏற்ற நூல் ஏறத்தாழ 1,000 பக்கம். எழுதியவர்களின் உழைப்பு அதன் எடையிலேயே தெரிகிறது. விஸ்கான்சினின் அந்த நான்கு வாரங்களைச் சம்பளத்தோடு ஒவ்வொரு தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கும் கொடுப்பதை அடுத்த குழு தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டால், அந்தக் குழுவின் பெயர்களை நான் தேடிப் பிடித்து வாழ்த்துவேன்.